ஆளில்லாத ஆஸ்பத்திரி

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறீர்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை முகத்தில் அடிக்கிறதல்லவா? மேஜை மேல் விரலாலேயே கோலம் போடலாம், அத்தனை தூசி. முற்றத்துச் சுவர் இடுக்கில் எங்கிருந்தோ வந்த ஓர் அரசஞ்செடி இரண்டு இலை விட்டுக்கொண்டு நிற்கிறது. சுவரில் தேதி காலண்டர் நீங்கள் புறப்பட்ட அன்றைய தேதியையே காட்டிக்கொண்டிருக்கிறது. பால் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனது யார் என்று ஒரு விசாரணையும் நடக்கும். அது வேறு விஷயம்.

ஒரு மாதத்துக்கே இந்தக் கதி என்றால், நாற்பது ஐம்பது வருஷம் யாரும் திறக்காத கட்டடம் எப்படி இருக்கும்? அதுவும் வீடு இல்லை. நூற்றுக்கணக்கில் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. அல்லது ஆயிரக்கணக்கான பேர் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்த தொழிற்சாலை.

இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போய்ச் சுற்றிப் பார்ப்பதையும் போட்டோ பிடிப்பதையும் ஒரு பித்தாகவே வைத்துக்கொண்டிருப்பவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். கானடா தேசத்தில் டொராண்டோ நகரத்து இளைஞர் ஒருவர் 1996-ல் இதற்கென்றே ‘இன்ஃபில்ட்ரேஷன்’ என்று ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். ‘நிஞ்ஜாலிஷியஸ்’ என்று வாயில் நுழையாத புனைபெயர் வைத்துக்கொண்டார். நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட, சும்மா படுத்திராமல் அந்தக் கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்த மனிதர்! 2005-ல், முப்பத்தொரு வயதிலேயே காலமாகிவிட்டார். எதையும் உடைக்காதே, எதையும் எடுத்துக்கொண்டு வராதே, சுவரில் கிறுக்காதே என்பது அவரும் அவரைப் போன்றவர்களும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் கதவைத் தாண்டி உள்ளே போவதே பல இடங்களில் சட்ட விரோதம் என்பதைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

‘பாழடைந்த கட்டடத்தில் பார்க்க என்னங்காணும் இருக்கிறது? பாம்பும் வௌவாலும்தானே!’ என்று வீட்டுப் பெரியவர் கேட்கக்கூடும். பாம்பும் வௌவாலும் இருப்பது வாஸ்தவம். வேறு சிலவும் இருக்கின்றன. சொல்கிறேன்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1892-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து 1954 வரையில், அமெரிக்காவில் குடியேற வந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் ஜனங்கள் அந்தத் தீவின் வழியாகத்தான் உள்ளே போனார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்த சீமான்களுக்குக் கப்பலிலேயே பரிசோதனை முடிந்துவிடும். கப்பலின் அடித்தட்டில், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் வந்த ஏழைகள் தீவில் இறங்க வேண்டும். அங்கே டாக்டர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவரையும் பார்ப்பார்கள். சந்தேகம் தோன்றினால் சட்டையின் மேல் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்து. கண்ணிமையைப் புரட்டி ‘டிரக்கோமா’ என்ற கண்ணோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில சமயம் அவர்கள் உபயோகித்த கருவி என்ன தெரியுமா? பூட்ஸ் பித்தான் மாட்டுகிற கொக்கி! டிரக்கோமா இருந்தால் பெரும்பாலும் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

மற்ற நோயாளிகளுக்காக அந்தத் தீவிலேயே பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டியிருந்தார்கள். 1902-ல் திறந்தது. அம்மை, க்ஷயம் என்று தொத்து வியாதிகளுக்குத் தனித் தனி வார்டுகள் பின்னால் வந்தன. குழந்தைக்கு அம்மை என்றால் குழந்தை ஆஸ்பத்திரிக்கு, தாயாருக்கு வேறிடம். பாஷை தெரியாத ஊரில், வெள்ளை உடை போட்டவர்கள் வந்து கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு போனால் அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பாள்! பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் சுமார் 350. இறந்தவர்கள், பெரியவர்களும் குழந்தைகளுமாக, சுமார் 3,500.

1954-ல் தீவையே பூட்டினார்கள். முக்கிய மண்டபத்தை மட்டும் பழுது பார்த்து 1990-ல் பொருட்காட்சிசாலையாகத் திறந்தார்கள். தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரியை யாரும் சீந்தவில்லை. 1998-ல் ஸ்டீபன் வில்க்ஸ் என்ற போட்டோக்காரர், ஒரு பத்திரிகைக்காக ஒரு மணி நேர வேலை என்று அங்கே போனார். அந்த ஒரு மணி நேரம் ஐந்து வருஷம் ஆயிற்று. கதவைத் திறந்தால் தாழ்வாரத்தில் கொடிகள். ஜன்னல் வழியே வந்து படுக்கை அறையில் விழுந்து கிடக்கும் பனி. தோல் உரிவது போல் உரிந்து தொங்கும் சுவர் வர்ணம். செயற்கை விளக்கு எதையும் அவர் போடவில்லை. ஜன்னலில் எந்த வெளிச்சம் வந்ததோ அதே வெளிச்சத்தில்தான் எல்லாப் படமும்.

அவற்றில் ஒன்று க்ஷய ரோக வார்டில் எடுத்தது. முகம் கழுவும் பீங்கான் தொட்டி. அதற்கு மேல் சுவரில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில், எதிர் ஜன்னலின் வழியாகச் சுதந்திர தேவியின் சிலை தெரிகிறது. எந்த நாட்டுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று கடல் தாண்டி வந்தாளோ, அந்த நாட்டின் சிலையைத் தினமும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருமிக்கொண்டிருந்தவள் எத்தனை பேரோ! அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமலே போனவர்கள் அவர்களில் உண்டு.

இந்தப் படங்களால் ஒரு காரியமும் நடந்தது. கட்டடங்கள் மேலும் இடிந்து விழாமல் நிறுத்துவதற்கு அமெரிக்க சர்க்கார் அறுபது லட்சம் டாலர் ஒதுக்கியது. 2014 முதல், தலைக்குத் தொப்பி மாட்டிப் பொது ஜனங்களையே உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

எல்லிஸ் தீவில் காலிக் கட்டில்கள்தாம் இருந்தன. அதே நியூயார்க் ராஜ்யத்தில் வில்லார்டு என்ற இடத்தில் கிடைத்தவை, பெட்டிகள்.

வில்லார்டில் இருந்தது மனநோய் ஆஸ்பத்திரி. 1869-ல் திறந்து 1995-ல் மூடினார்கள். அந்த 126 வருஷத்தில் உள்ளே போனவர்கள் ஐம்பதினாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கேயே இறந்தவர்கள். மூடுகிற சமயத்தில் ஒரு கட்டடத்தின் மச்சைத் திறந்து பார்த்தால், வரிசை வரிசையாக மர அலமாரி. அதில் நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள்! தோல் பெட்டி, மரப் பெட்டி, டிரங்குப் பெட்டி, அட்டைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய சீட்டு.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டியை வாங்கி மேலே வைத்துவிடுவார்கள். குணமாகித் திரும்பும்போது கொடுப்பார்கள். அதுதான் ஏற்பாடு. கொடுக்கிற நாள் அவர்களுக்கு வரவில்லை. பெட்டி மட்டும் மச்சில் காத்திருந்தது. இருபது வருஷம், நாற்பது வருஷம், சிலது எண்பது வருஷங்கூட.

நாம் ஊருக்குப் போகப் பெட்டி அடுக்குகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று எவ்வளவு யோசனை! நல்ல புடவை ஒன்று, குழந்தைகள் போட்டோ, ஊசி நூல் டப்பி... வில்லார்டுக்குப் போனவர்களும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள். தையல் சாமான்கள், குழந்தைச் சட்டைகள், குடும்பப் படங்கள், கடிதக் கட்டுகள், அலாரம் கடிகாரம், பல்பொடி, பூட்ஸ் பாலிஷ். பித்துப் பிடித்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பெட்டி இது. இதில் எந்தச் சாமான் பித்துப் பிடித்த சாமான் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் காலத்தில் புருஷனை இழந்த துக்கம், பிழைக்க வழியின்மை, பாஷை தெரியாத ஊரில் ஒண்டியாய் நின்றது, இவையெல்லாம்கூட ஒருவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போதுமானவையாக இருந்தன.

பெட்டிகளை நியூயார்க் ராஜ்யப் பொருட்காட்சிசாலை எடுத்துச் சென்று பத்திரப்படுத்தி, 2004-ல் காட்சிக்கு வைத்தது. 2011 முதல் ஜான் கிறிஸ்பின் என்ற போட்டோக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து படம் எடுத்தார். நான் அந்தப் படங்களில் கவனித்த ஒரு விஷயம்: பொருட்காட்சிசாலைக்காரர்கள் சாமான்களைக் காகிதத்தில் சுற்றி நாடாவால் கட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கு முன்பும் ஒரு படம் எடுத்திருக்கிறார். மகள் பிரசவத்துக்கு வரும்போது அவள் பெட்டியை நாம் எவ்வளவு மரியாதையாகத் தொடுவோமோ, அவ்வளவு மரியாதை.

இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. அந்த மனிதர்களின் முழுப் பெயரை வெளியிட ராஜ்யத்துச் சட்டம் இடம் தரவில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டுமாம். ஆகையால் முதற் பெயரும் ஓர் எழுத்தும் மட்டும்தான். கிறிஸ்பினோ, பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்கிறார். அந்த ஆஸ்பத்திரியின் இடுகாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைந்திருக்கிறார்கள். அவர்கள் தலைமாட்டில் நட்டது பெயரில்லை, வெறும் எண். நோயாளி ஒருவரே முப்பது வருஷம்போல அங்கே குழி வெட்டியிருக்கிறார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழிகள்! 1968-ல் அவரும் இறந்து அங்கேயே அடங்கினார். பெயர் பொறித்த நினைவுக் கல் அவருக்குக் கிடைத்தது 2015-ல்.

குடும்பத்தில் ஒருவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்றால் வெளியே சொல்லக் கூசுகிற வழக்கம் நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அத்தையைக் கொல்லைப்புற அறையில் வைத்துவிட்டுக் கேசரி பரிமாறியவர்கள் உண்டு. ஆகவே அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது என்று நான் யோசிக்கிறேன். இறந்து அறுபது வருஷம் ஆன ஒருத்திக்கு இனி என்ன இரகசியம்? அவள் பெயரை அவள் பெட்டியின் மேல் எழுதி வைக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களில் சிலருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

ஜெர்மனிக்கு வருவோம். பெர்லினுக்கு அருகே பீலிட்ஸ் என்ற ஊரில், 1898-ல் தொடங்கி, க்ஷய ரோகத் தொழிலாளிகளுக்காகக் காட்டின் நடுவே சுமார் அறுபது கட்டடங்கள் எழுப்பினார்கள். சாலைக்கு ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். சமையல்கட்டும் சலவைச்சாலையும் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்கவே வேண்டாம்! முதல் உலக யுத்தத்தில் அது ராணுவ ஆஸ்பத்திரியாயிற்று. 1916-ல் தொடையில் காயம்பட்டு அங்கே வந்து படுத்த சிப்பாய்களில் ஒருவன் பெயர் ஹிட்லர். 1945-க்குப் பிறகு ரஷ்யத் துருப்புகள் அதைத் தங்கள் ஆஸ்பத்திரியாக்கிக்கொண்டன. அவர்களும் போன பின்பு, பல கட்டடங்கள் அநாதையாகிக் காமிராக்காரர்களின் க்ஷேத்திரம் ஆயின. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே மரங்கள் வளர்ந்து காடாகிவிட்டன. 2015 முதல் அதற்கும் மேலே உயரமாக ஒரு நடைபாலம் போட்டு, டிக்கெட் வைத்துக் காட்டுகிறார்கள்.

ஆலைகளைப் படம் பிடித்தவர்களில் ஒரு தம்பதியைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர். புருஷனுக்கு முதலில் படம் வரைவதுதான் தொழில். தம் ஊர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றை வரைய உட்கார்ந்தார்; அவர் வரைகிற வேகத்தைவிட இடிக்கிறவர்களின் வேகம் அதிகமாயிருந்தது! சரிதான் என்று காமிராவை எடுத்தார். ஹில்லா முறைப்படி போட்டோத் தொழில் பயின்றவர். 1959 முதல் இருவருமாக, தண்ணீர்த் தொட்டி, உலைக்களம், சுரங்க வாயில் கோபுரம் என்று ஐரோப்பா முழுவதும் வேனில் சுற்றினார்கள். வெயில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். நிழல் விழாத மப்பு வானத்துக்காகக் காத்திருப்பார்கள். துணி உலர்த்த வெயிலுக்குக் காத்திருக்கும் நமக்கு இது வேடிக்கைதான். டார்ட்மண்டில் ஸோலர்ன் சுரங்கத்தின் இயந்திர மண்டபம் 1969-ல் இடிபடாமல் தப்பியதில் அவர்களுடைய முயற்சிக்கும் பங்கு உண்டு. 1990-ல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் பரிசு கொடுத்தார்கள். போட்டோவுக்கு இல்லை, சிற்பத்துக்கு!

ஜப்பானில் நாகசாகிக்கு அப்பால் ஹஷிமா என்ற தீவு. பதினைந்தரை ஏக்கர்தான். கடலுக்கடியில் நிலக்கரி, மேலே அடுக்கு மாடி வீடுகள். 1959-ல் அந்தத் துண்டு நிலத்தில் 5,259 பேர் குடியிருந்தார்கள். 1957-ல் கடலுக்கடியில் குழாய் போடும் வரையில் குடிதண்ணீர் படகில் வந்தது. மண்ணே இல்லாத தீவு. கரையிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டை மாடியில் கொட்டிக் காய்கறி போட்டார்கள். 1974 ஜனவரியில் சுரங்கம் மூடியது. ஏப்ரலில் தீவே காலி. வீட்டுச் சாமானையெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாமல் டெலிவிஷன் பெட்டிகளைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்குக் காமிராக்காரர்கள் ஆவலோடு படம் எடுப்பது அந்த டெலிவிஷன் பெட்டியை. யுத்த காலத்தில் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கட்டாயமாகப் பிடித்து வந்து அந்தச் சுரங்கத்தில் இறக்கப்பட்டவர்களைப் படம் காட்டாது. இந்த மாதிரிப் படங்களில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். இடிந்த சுவரில் விழும் வெயில் எல்லா ஊரிலும் அழகாகத்தான் இருக்கிறது.

பாழும் ஆஸ்பத்திரிக்குள் இருப்பதெல்லாம் போட்டோவுக்கு ஏற்ற சாமான் என்றும் எண்ணிவிடாதீர்கள். உளுத்த தளம் காலை வாரிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இவற்றைவிடப் பயங்கரமான ஒன்று பிரேசில் நாட்டில் கோயானியா நகரத்தில் நடந்தது.

அங்கே புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்த ஓர் ஆஸ்பத்திரி 1985-ல் இடம் மாறியது. பழைய கட்டடத்தில் ஒரு மிஷினை விட்டுவிட்டுப் போனார்கள். கட்டடம் பாதி இடிந்து கிடந்தது. 1987 செப்டம்பர் 13-ம் தேதி, பழைய இரும்புக்கு நல்ல விலை கிடைக்கும் என்று இரண்டு பேர் உள்ளே நுழைந்து மிஷினின் தலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருந்தது ஸீஸியம்-137. காயலாங்கடைக்காரர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். இரவில் பார்த்தால் அதிலிருந்து நீல வெளிச்சம்! ஏதோ அதிசயம் என்று உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி மணி அளவு துணுக்குகளை ஆசையாகப் பங்கிட்டுக் கொடுத்தார். அவருடைய தம்பி வீட்டுக் குழந்தை, ஆறு வயதுப் பெண், அந்த மினுமினுப்பான பொடியோடு விளையாடினாள். அதே கையால் சாப்பிட்டாள்.

இரண்டு வாரத்துக்குள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வாந்தி, மயக்கம். டாக்டர்கள் சாப்பாட்டுக் கோளாறு என்றும் ஒவ்வாமை என்றும் நினைத்தார்கள். இந்தப் பொருள் வீட்டுக்குள் வந்த பிறகுதானே எல்லாரும் படுத்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவள் கடைக்காரரின் மனைவி. செப்டம்பர் 28-ம் தேதி, கடையிலிருந்த ஆள் ஒருவனைத் துணைக்கு அழைத்து, மிச்சத்தை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அதிகாரிகளிடம் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் பெளதிக நிபுணர் ஒருவர் கதிர் அளக்கும் கருவியோடு வந்தார். கருவியின் முள் ஒரேயடியாகக் கோடிக்கு ஓடிவிட்டது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, வேறொன்று வாங்கிவந்தார். அதுவும் அப்படியே! அவர் வந்து சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் பையைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடலாம் என்று இருந்தார்கள். அவர் தடுத்தார்.

ஊரில் 1,12,000 பேரைப் பரிசோதித்தார்கள். 249 பேர் மேல் கதிர்ப் பொருள் ஒட்டியிருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பையைச் சுமந்து போய் ஊரைக் காப்பாற்றிய அந்தப் பெண்மணி ஒருத்தி. அந்த ஆறு வயதுக் குழந்தை ஒன்று. இரண்டு பேரும் அக்டோபர் 23-ம் தேதி, ஒரே நாளில். குழந்தையின் சவ அடக்கத்தன்று, இங்கே புதைக்காதே என்று ஜனங்கள் கல் எறிந்தார்கள்.

எங்கோ பிரேசிலில் என்று தள்ளிவிட முடியாது. நமது டில்லியிலேயே மாயாபுரியில், 2010-ல், பரிசோதனைச்சாலையிலிருந்து காயலாங்கடைக்கு வந்த பழைய சாதனம் ஒன்றில் கோபால்ட்-60 இருந்து, ஒருவர் உயிர் போயிற்று. ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான் காமிராவும் கையுமாக மூடிக் கிடக்கிற ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், ஒன்றையும் தொடாதே என்று மட்டும் சொன்னால் போதாது. அனுமதிச் சீட்டு எங்கே, கூட யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் காமிராவை வாங்கிப் பீரோவில் வையுங்கள்.

நம்மவர்கள் ரத்தமும் வியர்வையும் சிந்திய பாழ் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துக் கம்பெனி அங்கே வேலை தொடங்கியது. கங்காணிகள் வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழைத் தமிழர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்துக் காவேரி மின்சாரம் அங்கே எரிந்தது. சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் எரிந்தது. தொழிலாளிகளின் லைன் வீட்டில் அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. கீழே பாறையே சுடும். 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு எல்லாம் நின்றது.

இன்றைக்குக் காமிராக்காரர்கள் அங்கேயும் போகிறார்கள்; சினிமாக்காரர்களும் போனார்கள். துருப்பிடித்த சுரங்கக் கோபுரம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து குவிந்து உண்டான சயனைடு மேடு, இவை படத்தில் பிரமாதமாக விழும். காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசி வீட்டுச் சோற்றுப் பானையில் வந்து விழுவது படத்தில் விழாது. லைன் வீடுகள் பாழடையவில்லை. இன்னும் குடியிருக்கிறார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வாசலில் கோலம் இருக்கிறது. சுரங்கம் போன பின்பு அந்த வீடுகளின் பிள்ளைகளும் பெண்களும் வேலைக்குப் போவது பெங்களூருக்கு. பொழுது விடிவதற்கு முன்பே கையில் டிபன் டப்பாவோடு ரெயிலடிக்கு வந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்க அங்கே வெளிச்சம் போதாது.